தகரச் சீட்டும் கடனட்டையும்

கனடாவுக்குப் புறப்படவிருக்கும் என் மருமகன் சென்ற வாரம் உயிலங்குளத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டான்: "மாமா, கடனட்டையில இன்னும் கொஞ்சக் காசு நிக்குது. அங்க போனாப் பிறகு ஆர் தேடி வரப்போறாங்கள்?"

விடை சொல்லுமுன் என் கண் முன்னால் ஓடும் மன்னார் வீதியை நோக்கியது. எதைக் கேட்டாலும் பழைய கதைக்குப் போவது பத்திரிகைக்காரனின் பழக்கதோஷம். உயிலங்குளம் என்றால் 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பின் இங்கிருந்த சோதனைச்சாவடியையே பலரும் நினைப்பார்கள். இந்த வீதியின் கணக்கு அதனினும் பழையது.

19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர், இப்பெருநிலத்தைக் கடந்து, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். ஊர்க்கடனைத் தீர்க்கக் கங்காணி தந்த முன்பணம், வழிச்சோறு, தோணிக்கூலி யாவும் அவர்கள் பெயரில் ஏறியிருந்தன. ஒருநாட் கூலி காணுமுன்னரே கடனாளிகள்.

தோட்டங்களில் அக்கடனுக்கு ஒரு விசித்திரமான சீட்டு இருந்தது. 'துண்டு' என்பார்கள். கங்காணி தன் கூட்டத்தோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். ஆள் தட்டுப்பாடுள்ள இன்னொரு துரையிடம் கங்காணி அதைக் கொண்டுபோவார். புதியவர் பழைய கடனை அடைத்து, மேலதிகமாகவும் கொடுப்பார். மேலதிகம் பெரும்பாலும் கங்காணியின் மடியில் தங்கும். சுமை தொழிலாளியின் தலையில் ஏறும். ஓர் அட்டையின் நிலுவையை மற்றோர் அட்டைக்கு மாற்றித் தருகிறோம் என்று இன்று வங்கிகளிலிருந்து தொலைபேசியில் அழைக்கிறார்களே, ஏறத்தாழ அதே வித்தைதான். அன்று கடனோடு ஆளும் கைமாறினான். 1921ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறந்தபின், மண்டபம் முகாமிலிருந்து வந்தவர்கள் கழுத்தில் தகரச் சீட்டோடு இறங்கினர். அதில் தோட்டத்தின் இலக்கம் பொறித்திருக்கும். வழிச்செலவைத் தோட்டத்தின் பெயரில் பற்றெழுத அந்த இலக்கமே போதும். (மலைநாட்டில் இரத்தம் குடிக்கும் அட்டையும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயல்தான்.)

பிறகு அதே பாதையில் திரும்பிப் போனார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் அவர்கள் எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சத்தொகை 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படமாட்டாது என்று அதில் ஒரு வாசகம். மூன்று தலைமுறை உழைப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்தத் தொகையை வாசிக்கையில் எனக்கு இன்றும் மனம் கசக்கும். தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலேறி மண்டபம் சேர்ந்தவர்களுக்குக் குடும்ப அட்டை கிடைத்தது. தாயகம் திரும்பியோருக்கென 1969இல் ரெப்கோ வங்கியும் தொடங்கப்பட்டது. அங்கும் வாழ்க்கையைக் கடனோடு தொடங்கியோர் பலர்.

மருமகனிடம் சொன்னேன்: "நீ போனாலும் உன் கணக்கு இங்கதான் இருக்கும். கடன் தகவல் பணியகத்தில பேர் பதிஞ்சிடும். வட்டி ஏறும். நிலுவையை முழுசாக் கட்டு. அட்டையை வெட்டி எறிஞ்சாப் போதாது, மூடச் சொல்லி எழுத்தில குடு. கடனில்லை எண்டு கடிதம் வாங்கு. அங்க ஒரு அட்டை கையில வேணுமெண்டு இதையே வைச்சிருக்கவும் நினையாத. வங்கி அனுப்புற இரகசிய இலக்கம் இங்கத்தைத் தொலைபேசிக்குத்தான் வரும்."

இங்கே ஒழுங்காகக் கட்டிய வரலாறு கனடாவில் பெரும்பாலும் செல்லாது, வைப்புப்பணம் கட்டிச் சிறிய அட்டையொன்றில் புதிதாகத் தொடங்கவேண்டி வரலாம் என்றும் கூறினேன்.

"அப்ப அங்கயும் முதல்ல கடன்காரனா நிக்கவேணுமோ, மாமா?" என்றான்.

"ஓம்" என்றேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மன்னாருக்குப் போனான்.