கூர்க்காச் சிறுமியும் இளம் மருத்துவரும்

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்காக வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்பன அவை. இவற்றுள் நோய் தீர்ப்பவன் எவ்வாறு உருவாகிறான் என்னும் வினா, ஆசிரியப் பணியில் இருப்போர்க்கு இயல்பாகவே எழுவதாகும். மருந்து கொடுப்பதோடு அமையாமல், நோயின் காரணத்தையும் தேடிச் செல்லும் மருத்துவரை உருவாக்குவது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை தரும் ஒரு வரலாறு, சிங்கப்பூரிலே, ஒரு குழந்தையின் படுக்கையருகே தொடங்கிற்று.

மலாயாவில் 1948ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட அவசர காலம் 1960 வரை நீடித்தது. பிரிட்டிஷ் படையைச் சார்ந்த கூர்க்கா வீரர்கள் அக்காலத்தில் இவ்வட்டாரத்தில் பணியாற்றினர். பிரிட்டனில் இளைஞர்க்குக் கட்டாயப் படைப்பணி இருந்த காலமும் அதுவே. 1933ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரிற் பிறந்து, அங்கேயே மருத்துவம் பயின்ற டேவிட் வெதரால், அக்கடமையின் பொருட்டு 1958ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்தார். குழந்தை மருத்துவத்தில் அனுபவம் இல்லாத அவ்விளைஞரிடம், படை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு ஒப்படைக்கப்பட்டது.

அங்கே கூர்க்கா வீரர் ஒருவரின் சின்னஞ்சிறு மகள் கடுமையான இரத்தச்சோகையால் வாடிக் கிடந்தாள். இரத்தம் ஏற்றினால் தேறுவாள். பின்னர் மீண்டும் வெளிறிப் போவாள். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. இரத்தம் ஏற்றிக்கொண்டே காலத்தைக் கடத்தியிருந்தால், வெதராலைக் குறை கூறுவார் எவரும் இரார். அவரோ, ஏன் என்று கேட்டார்.

கேட்டவர்க்குத் துணையும் கிட்டியது. அந்நாளில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் பிராங்க் வெல்லா என்னும் உயிர்வேதியியல் அறிஞர் பணியாற்றினார். இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதன் வகைகளைப் பிரித்தறியும் முறையில் அவர் தேர்ந்தவர். விலையுயர்ந்த கருவிகள் இல்லை. மோட்டார் வண்டி மின்கலங்களும் வடிதாளுமே அவர்களுக்கு உதவின. சிறுமியைப் பற்றியிருந்த நோய் தலசீமியா என்பது தெளிவாயிற்று.

தலசீமியா என்னும் பெயர் கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தாமஸ் கூலி என்னும் குழந்தை மருத்துவர் இந்நோயை விளக்கினார். இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களின் குழந்தைகளிடம் அது மிகுதியாகக் காணப்பட்டமையால், மத்தியதரைக் கடலோர மக்களுக்கே உரிய நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. கடலையே காணாத இமயமலைச் சாரலிலிருந்து வந்த குடும்பத்தில் அந்நோய் காணப்பட்டதை, வெதராலும் வெல்லாவும் 1960ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். பாராட்டு வந்ததோ? இல்லை. படைத்துறையின் இசைவு பெறாமல் எழுதியது இராணுவ நீதிமன்றத்திற்கு உரிய குற்றம் என்னும் கண்டிப்பே வந்தது!

கண்டிப்பு அவரைத் தடுக்கவில்லை. படைப்பணி முடிந்ததும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்று அதே வினாவைத் தொடர்ந்தார். ஈமோகுளோபின், ஆல்பா, பீட்டா என்னும் இருவகைப் புரதச் சங்கிலிகள் இணைந்து அமைவது. ஒன்று குறைந்தால் மற்றொன்று மிஞ்சித் தேங்கி, சிவப்பணுக்களைச் சிதைக்கும். இச்சமநிலைக் குறைவை அளந்து காட்டும் முறையை, 1965ஆம் ஆண்டில் அவரும் உடன் உழைத்தோரும் வெளியிட்டனர். சிங்கப்பூர்ச் சிறுமி எழுப்பிய வினாவிற்கு விடை கிடைத்தது.

இவ்வரலாற்றில் ஓர் ஆசிரியன் கருதத்தக்கது யாது? வெதராலுக்கு எந்தப் பயிற்சித் திட்டமும் வகுக்கப்பட்டிருக்கவில்லை. வினாவை எழுப்பிய ஒரு நோயாளி, வழிகாட்ட ஒரு வல்லுநர், சோதித்துப் பார்க்கச் சிறிது வாய்ப்பு ஆகிய மூன்றும் தற்செயலாகவே ஓரிடத்தில் கூடின. தமக்குத் தற்செயலாகக் கிடைத்தது பிறர்க்கு உறுதியாகக் கிடைக்க வேண்டும் என அவர் கருதினார் போலும். 1974ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் மருத்துவப் பேராசிரியரான அவர், 1989ஆம் ஆண்டில் அங்கு மூலக்கூறு மருத்துவக் கழகத்தை நிறுவினார். நோயாளியைப் பார்க்கும் இளம் மருத்துவரும் ஆய்வுக்கூட அறிஞரும் ஒரே கூரையின் கீழ் உழைக்க அது வழி செய்தது. 2000ஆம் ஆண்டில் அக்கழகத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இலங்கை மருத்துவர்களோடு இணைந்து அந்நாட்டுத் தலசீமியாக் குழந்தைகளைப் பற்றியும் அவர் பல்லாண்டு ஆராய்ந்தார். 2018ஆம் ஆண்டில் மறைந்தார்.

தலசீமியா நம் நாட்டிற்கும் அயலானதன்று. இந்நோயின் மரபுக் கூற்றைத் தாங்கிய தாயும் தந்தையும் நலமாகவே வாழ்வர். ஆயினும் அவர்தம் ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதனை முன்னரே அறியும் பொருட்டு, மலேசியாவில் 2016ஆம் ஆண்டில் நான்காம் படிவ மாணவர்க்கு இரத்தச் சோதனை நடத்துவது தொடங்கப்பட்டது.

நான் பணியாற்றிய பள்ளியொன்றில், மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளச் செல்லும் மாணவி ஒருத்தி இருந்தாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே விழுந்த இடைவெளிகளை நான் எண்ணியதுண்டு. ஒருநாள் அவள், “ஏன் ஐயா, என் இரத்தம் மட்டும் தீர்ந்து போகிறது?” என்றாள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. “மருத்துவரைக் கேள், அம்மா” என்று கூறி அனுப்பிவிட்டேன். இன்று எண்ணுங்கால் வெட்கமாக இருக்கிறது. படை மருத்துவமனையில் அவ்விளைஞர் கேட்டதும் அதே வினாவன்றோ?

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், பாடக்குறிப்பு எழுதும் முறையை நன்கு கற்றோம். மாணவரின் வினாவிற்கு விடை தெரியாதபோது, அதனை அவரோடு சேர்ந்து தேடும் முறையைப் பணியில்தான் கற்க வேண்டியிருந்தது. மருத்துவ ஆய்வாளரைப் பல்கலைக்கழகம் உருவாக்கும் என்பது உண்மை. எனினும், “ஏன்” என்னும் சொல்லை அடக்காது காக்கும் பொறுப்பு, அதற்கும் முன்னே தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு உண்டு. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுள் ஒருவர் நாளை ஒரு குழந்தையின் படுக்கையருகே நின்று அச்சொல்லைக் கேட்பாராயின், நம் பணி பயனுற்றதாகும்.