சம்பளத்திலேயே வரி பிடிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

"கையில காசு வாறதுக்கு முந்தியே வரியப் பிடிக்கிற இந்த வேலைய யார் சேர் கண்டுபிடிச்சது?" சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்பவர்கள் இப்போது ஆசிரியர் ஓய்வறைகளிலும் இருக்கிறார்கள். 2023 ஜனவரி தொடக்கம் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் எடுப்பவர்களிடம் கட்டாயமாக அறவிட்டார்கள். 2025 ஏப்ரலில் அந்த எல்லை ஒன்றரை இலட்சமாக உயர்ந்தது. கேட்டவர்களுக்காக அமெரிக்காவின் கதையை எழுதுகிறேன். இதைச் செய்யலாமா கூடாதா என்று அங்கே வெளிப்படையாகவே சண்டை பிடித்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் பெரும்பாலான சம்பளக்காரர்கள் வாஷிங்டனுக்கு ஒரு வருமான வரியும் தாங்கள் இருக்கும் மாநிலத்துக்கு இன்னொரு வருமான வரியும் கட்டுகிறார்கள். டெக்சாஸ், புளோரிடா போன்ற சில மாநிலங்களில் மட்டும் சம்பளத்துக்கு மாநில வரி இல்லை. நவீன மாநில வருமான வரியை 1911இல் விஸ்கொன்சின் தொடங்கியது. மத்திய அரசு 1913இல்தான் வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்தில் இந்த வருடம் உழைத்ததற்கு அடுத்த வருடம் கட்டினார்கள். கட்டியவர்கள் வசதியுள்ளவர்கள் என்பதால் பெரிய பிரச்சினை இருக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தம் அதை மாற்றியது. 1939இல் சுமார் 4 மில்லியன் பேர் கட்டிய வரியை 1945இல் 40 மில்லியனுக்கும் மேற்பட்டோர் கட்டினார்கள். தொழிற்சாலைக் கூலியாளிடம் அடுத்த மார்ச்சில் போய்க் கேட்டால் காசு எங்கே இருக்கும்? வாடகைக்கும் பாணுக்கும் போயிருக்கும். சம்பளம் கொடுக்கும்போதே பிடிப்போம் என்ற யோசனை அப்படித்தான் வலுத்தது.

ஆனால் ஒரு சிக்கல். 1943இல் மாதாமாதம் பிடிக்கத் தொடங்கினால் 1942இன் பாக்கி என்னாவது? ஒரே வருடத்தில் இரண்டு வருட வரியா? நியூயோர்க்கின் மேசிஸ் கடையின் பொருளாளராக இருந்த பியர்ட்ஸ்லி ரம்ல் ஒரு வழி சொன்னார்: பழைய வருட வரியை மன்னித்துவிடுங்கள். அப்படிச் செய்தால் யுத்தத்தில் கொழுத்த பணக்காரர்களுக்குத்தான் பெரிய இலாபம் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் எதிர்த்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் ஒரு வருட வரியில் 75 வீதத்தை மன்னிப்பதென்று இணங்கி, 1943 ஜூலை 1 முதல் பிடிக்கத் தொடங்கினார்கள். திறைசேரியில் இதற்காக உழைத்த இளம் பொருளியலாளர்களில் ஒருவர் மில்டன் ஃப்ரீட்மன். அரசாங்கம் இவ்வளவு பருத்துப்போனதற்கு இந்த முறையும் ஒரு காரணம் என்று பிற்காலத்தில் அவரே வருந்தினார். அவருடைய மனைவி ரோஸும் அதற்காக அவரை விட்டுவைக்கவில்லை.

மாநிலங்களில் 1948இல் ஒரேகன் முதலில் தொடங்கியது. நியூயோர்க் 1959இல் சேர்ந்துகொண்டது. கலிபோர்னியா அடம்பிடித்தது, அங்கே ஆளுநர் ரொனால்ட் ரீகன். வரி வலிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மனிதன் தன் கையால் காசோலை எழுதினால்தான் "இந்தக் காசுக்கு என்ன செய்தாய்?" என்று அரசைக் கேட்பான், தெரியாமல் பிடித்தால் கேட்கமாட்டான் என்றார். இந்த விடயத்தில் தன் கால்கள் கொங்கிரீட்டில் புதைந்திருப்பதாகவும் சொன்னார். ஆனால் வரிக்காசு ஏப்ரலில் மொத்தமாக வந்தது, செலவு மாதாமாதம் இருந்தது. இடைப்பட்ட காலத்துக்கு மாநிலம் கடன் வாங்க வேண்டியிருந்தது. கடைசியில், என் காலைச் சுற்றி கொங்கிரீட் உடையும் சத்தம் கேட்கிறது என்று அவரே பகிடியாகச் சொல்லி இறங்கி வந்தார். 1972இல் கலிபோர்னியாவிலும் பிடித்தம் தொடங்கியது. 1970ஆம் வருடத்துக்கு ரீகன் மாநில வருமான வரியாக ஒரு சதம்கூடக் கட்டவில்லை என்ற செய்தி அதற்குச் சற்று முன்னர்தான், 1971இல், வெளிவந்திருந்தது. வியாபார நட்டத்தைக் காட்டினார், சட்டப்படி பிழையில்லை. வலியைப் பற்றிப் பேசியவர் என்பதால் மக்கள் சிரித்தார்கள்.

கணக்கு எப்படி? பென்சில்வேனியாவில் மிக இலகு. எல்லோருக்கும் 3.07 வீதம், 1,000 டொலர் சம்பளத்தில் 30 டொலர் 70 சதம். படிமுறை வீதங்கள் உள்ள மாநிலங்களில் தொழில்தருநர் இரண்டு கிழமைச் சம்பளத்தை 26ஆல் பெருக்கி முதலில் ஆண்டு வருமானமாக்குகிறார். அதில் கழிவுகளை நீக்கி, மிகுதிக்குப் படிப்படியாக வீதம் போட்டு, வரும் வரியைத் திரும்ப 26ஆல் வகுக்கிறார். அதாவது வருடம் முழுவதும் இப்படியே உழைப்பீர்கள் என்ற ஊகத்தில்தான் கணக்கு ஓடுகிறது. ஒரு தடவை மேலதிக நேரம் அதிகமாகச் செய்தால் வரியும் கூடுதலாகப் போய்விடும். அடுத்த வருடம் அறிக்கை கொடுத்துத்தான் மீளப் பெறவேண்டும். அந்தக் காசோலை வரும்போது பலர் அரசாங்கம் தந்த பரிசுபோலச் சந்தோஷப்படுகிறார்கள். அது வட்டியில்லாமல் அவர்களே கொடுத்துவைத்த கடன்.

நம் நாட்டில் வருமான வரி 1932இல் வந்தது. ஆனால் அரச ஊழியரின் சம்பளத்துக்கு 2011 வரை விலக்கு இருந்ததால் நம் வீடுகளில் பலருக்கு இது புதிது. 2020இல் பழைய பிடித்த முறையை நீக்கி, ஊழியர் சம்மதித்தால் மட்டும் பிடிக்கலாம் என்றார்கள். அரச வருமானம் வீழ்ந்த கதையைச் சொல்லத் தேவையில்லை. 2023இல் கட்டாயமாக்கியதும் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. ரீகன் சொன்ன வலியை, அவர் எதிர்த்த அதே முறையிலேயே நாம் அனுபவித்தோம். ஆகவே பிடித்தம் மனிதனைத் தூங்கவைக்கும் என்ற அவர் பயத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. சீட்டில் தொகை எழுதியிருந்தால் கேள்வி வரும். சவர்க்காரத்துக்கு நாம் கொடுக்கும் 18 வீத வற் வரிக்கு அப்படியொரு சீட்டு இல்லை, அதைப் பற்றி ஓய்வறையில் யாரும் கேட்பதுமில்லை.

உங்கள் கணக்கைப் பார்ப்பது கடினமில்லை. மாதச் சம்பளம் 200,000 ரூபா என்றால் 150,000ஐக் கழியுங்கள். மிகுதி 50,000க்கு 6 வீதம், 3,000 ரூபா. மிகுதி 83,333ஐத் தாண்டினால்தான் அடுத்த படியான 18 வீதம் தொடங்கும். வரி ஆண்டு மார்ச் 31இல் முடிந்ததும் தொழில்தருநர் தரவேண்டிய ரி-10 சான்றிதழைக் கேட்டு வாங்கி, 12 சீட்டுகளையும் கூட்டிப் பாருங்கள்.