பனிநாட்டு வீட்டின் நீராவிக் கலம்

பனி பொழியும் நாடுகளின் பழைய வீடுகளிலே, சாளரத்தின் கீழ், விலா எலும்புகளை நிரைப்படுத்தியது போன்ற வார்ப்பிரும்புக் கலமொன்று நிற்பதுண்டு. அதனை றேடியேற்றர் என்பர். சுவருக்கு வர்ணம் பூசவோ தளத்தைப் புதுக்கவோ விழைவோர் இதனைச் சில நாட்களுக்குப் பெயர்த்து வைப்பர். எளியதாய்த் தோன்றும் இப்பணிக்கு அதன் வரலாற்றறிவும் வேண்டும்.

1784 ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் வாற் தமது அலுவலறைக்கு நீராவியால் வெப்பமூட்டினார். 1850களில் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் பிரான்ஸ் சான் கல்லி என்பார் வெப்பக்கலம் ஒன்றை ஆக்கினார். 1870களில் அமெரிக்கரான நெல்சன் பண்டி அமைத்த வார்ப்பிரும்புக் கலம் அந்நாட்டில் பெரிதும் பரவிற்று. 1882 இல் நியூயோர்க்கில், தெருக்களின் கீழே குழாய் பதித்து நீராவி வழங்கும் கம்பனியொன்றும் தொழிற்படத் தொடங்கியது.

வீடுகளிலோ நிலவறைக் கொதிகலனே நீராவியைத் தந்தது. ஆவி மேலேறிக் கலத்துட் புகும். வெப்பத்தை ஈந்து நீராகும். ஒற்றைக் குழாய் அமைப்பில் அந்நீர் வந்த வழியே திரும்பும். அதனைத் திருப்பிவிடப் பம்பி இல்லை, சரிவே போதும். ஆதலின் கலம் வால்வின் பக்கமாகச் சற்றே தாழ்ந்திருத்தல் வேண்டும். புதிய தளத்தில் அதனை மீள நிறுத்துவோர் இச்சரிவை மறப்பின், நீர் தேங்கும். ஆவி அதனை மோதும். நள்ளிரவில் சம்மட்டி ஓசை எழும்.

பெயர்க்கும்போது கொதிகலனை நிறுத்தி, யாவும் ஆறிய பின்னரே, வால்வை அடைத்து இணைப்பு நட்டைக் கழற்றுதல் முறை. உள்ளே எஞ்சிய நீரை ஏற்கப் பாத்திரம் வேண்டும். பாரத்தைத் தூக்க இருவரேனும் வேண்டும். முதுமையுற்ற வால்வை மட்டும் நம்பாது, திறந்த குழாய்வாயில் மூடியொன்றைத் திருகிவிடல் வேண்டும். அடுக்குமாடிகளிலே கொதிகலன் பலர்க்கும் பொது. ஆவி வரும் வேளை ஒரு வீட்டாரின் விருப்பில் இல்லை. 2016 டிசெம்பரில், நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில், வெப்பக்கலத்திலிருந்து பீறிட்ட நீராவியால் இரு சிறு குழந்தைகள் மாண்டனர் என்பதை எவரும் மறத்தலாகாது.

பழம்பொருள் பழுதாகாது நிற்பதனால் அது பயனற்றதென்றோ தீங்கற்றதென்றோ கொள்ளுதல் தகாது. அது எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை அறிந்தபின் கைவைத்தலே அதனை ஆக்கியோர்க்கும், அவ்வீட்டில் உறங்குவோர்க்கும் நாம் செய்யும் கடனாகும்.