ஆட்டிசமும் வெகுமக்கள் ரசனையும்: கணக்கில் வராத ஒரு வரலாறு

ஆட்டிசம் ஒரு தனி நிலை என்று அமெரிக்க மருத்துவ உலகம் அறிந்துகொண்டது 1943இல், பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் மூலமாக. தனிமை நாட்டம், மாற்றம் எதையும் பொறுக்காத இயல்பு ஆகிய இரண்டுக்காகத்தான் அந்தக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அதில் இசையும் நிறையவே இருக்கிறது. ஒரு வயதிலேயே பல மெட்டுகளைப் பிசகில்லாமல் முணுமுணுத்த குழந்தை அதில் வருகிறது. ஒன்றரை வயதில் பதினெட்டு சிம்பொனிகளைப் பிரித்தறிந்து, இசை தொடங்கியவுடன் இயற்றியவர் பெயரைச் சொன்ன சிறுவன் வருகிறான். இசைத்தட்டுகளின் தலைப்புகளும் இசையமைப்பாளர்களின் பெயர்களும் இந்தக் குழந்தைகளின் நாவில் இருந்ததைக் கேனர் குறித்துவைத்தார். ஆனால் அதைப் பெற்றோர் திணித்த மனப்பாடச் சுமையாகவே எடுத்துக்கொண்டார். கிராமபோன் நடுத்தர வர்க்க வீடுகளின் கூடத்தில் இருந்த காலம் அது. 1937 முதல் டோஸ்கானினி நடத்திய சிம்பொனி நிகழ்ச்சிகள் வானொலியில் நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தன. பெரியவர்கள் விரும்பிக் கேட்டதையே அந்தச் சிறுவனும் கேட்டான், அவர்களைவிடக் கூர்ந்து கேட்டான். அவன் ஏன் கேட்டான், அதில் அவனுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி கட்டுரையில் எழவில்லை. ஆட்டிச நிலையாளர்களின் ஆழ்ந்த ஈடுபாடுகளைப் பற்றி அடுத்த அறுபது எழுபது ஆண்டுகள் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதிக்கு இதே குறை உண்டு என்பது என் வாதம். ஊரே ரசிப்பதை அவர்களும் ரசித்தார்கள். நிபுணர்களோ ஊர் ரசிக்காததை மட்டும் ஆட்டிசத்தின் அடையாளமாகக் கணக்கில் வைத்தார்கள்.

கேனருக்கு அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் வெளியிட்ட ஆய்வு இந்தப் போக்குக்கு இன்னும் தெளிவான சான்று. நாஜிகளின் ஆட்சியில், குழந்தைகள் கொல்லப்பட்ட ஷ்பீகல்குருண்ட் நிறுவனத்துக்குக் குழந்தைகளை அனுப்பிவைத்ததில் அவருக்குப் பங்கிருந்தது என்பதை ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் 2018இல் ஆவணங்களோடு எழுதினார். அதை மறந்துவிட்டு ஆஸ்பெர்கரைப் படிக்கக் கூடாது. அவருடைய ஆய்வில் வேதியியலில் மூழ்கிய சிறுவன் வருகிறான், நஞ்சுகளில் மூழ்கிய சிறுவன் வருகிறான், விண்வெளிக் கப்பல் போன்ற கற்பனை இயந்திரங்களை வடிவமைத்த சிறுவனும் வருகிறான். விண்வெளிக் கப்பலை அவர் சுட்டிக்காட்டியது, இந்தக் குழந்தைகளின் ஆர்வங்கள் நடைமுறையிலிருந்து எவ்வளவு விலகியவை என்று காட்டுவதற்காக. ஆனால் 1929இலேயே ஃபிரிட்ஸ் லாங் நிலவுப் பயணத்தைத் திரைப்படமாக எடுத்துவிட்டார். ராக்கெட் அறிஞர் ஹெர்மன் ஓபெர்ட் அதற்கு ஆலோசகராக இருந்தார். ஜெர்மன் மொழி பேசிய நாடுகளில் ராக்கெட் என்பது அன்றைய கதைப் புத்தகங்களிலும் திரையிலும் உலவிய மோகம். அந்தச் சிறுவன் அந்தப் படத்தைப் பார்த்தானா என்பதல்ல முக்கியம். மருத்துவரின் மேசையில் உலகத்தொடர்பற்ற கற்பனையாகப் பதிவான ஒன்று, திரையரங்கு வாசலில் கூட்டம் கூட்டிய பொருளாகவும் இருந்தது. அதே ஆய்வில், முழுமையான வடிவில் இந்த நிலை கொண்ட ஒரு சிறுமியைக்கூடத் தாம் பார்த்ததில்லை என்றும் ஆஸ்பெர்கர் எழுதினார். இந்தக் கூற்றுக்குப் பிறகு வருகிறேன்.

பிரிட்டனின் ரயில் கதை இந்த வாதத்துக்கு மிகப் பெரிய ஆதாரம். ஆட்டிசம் என்றால் ரயில் அட்டவணை, என்ஜின் எண்கள் என்று பிற்காலத்தில் ஒரு வாய்பாடே உருவாகிவிட்டது. ஆனால் என்ஜின் எண்களைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் பிரிட்டிஷ் சிறுவர்களின் பொதுச் சொத்தாக இருந்தது. சதர்ன் ரயில்வேயில் எழுத்தராக இருந்த இயன் ஆலன் 1942இல் என்ஜின்களின் எண்களையும் வகைகளையும் தொகுத்து ஒரு சிறு கையேடு வெளியிட்டார். அதன் வெற்றியில் மற்ற ரயில்வேக்களுக்கும் கையேடுகள் வந்தன. போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் கையேட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு நடைமேடை ஓரத்தில் நிற்காத பள்ளிச் சிறுவர்களைத் தேடத்தான் வேண்டும் என்ற நிலை. அதே காலத்தில், 1945இல், வில்பர்ட் ஆட்ரி என்ற பாதிரியாரின் ரயில் கதைகள் அச்சேறின. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் புத்தகத்தில் தாமஸ் என்ற சின்ன நீல என்ஜின் அறிமுகமானது. அன்று ரயிலில் தோய்ந்திருந்த ஆட்டிச நிலைச் சிறுவன் நண்பர்கள் நடுவே எளிதாகக் கலந்திருப்பான். தேவையான பேச்சுப்பொருள் அவன் கையில் அச்சிட்ட புத்தகமாகவே இருந்தது. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் வழக்கமான சேவைகளிலிருந்து நீராவி என்ஜின்கள் விடைபெற்றன. சிறுவர் கூட்டம் கால்பந்துக்கும் பாப் இசைக்கும் போனது. எண்களைக் குறித்துக்கொண்டிருந்தவர்கள் நடைமேடையில் தனித்துப் போனார்கள். 1980களில் அவர்களின் மழைக்கோட்டின் பெயரே கேலிச்சொல் ஆனது. பிரிட்டிஷ் உளவியலாளர்கள் ஆட்டிசத்தைப் பற்றி அதிகம் எழுதத் தொடங்கியதும் ஏறத்தாழ இந்தப் பத்தாண்டில்தான். லோர்னா விங் 1981இல் ஆஸ்பெர்கரின் ஆய்வை ஆங்கில வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஆக, ரயில் ஈடுபாடு விசித்திரமாகத் தெரியத் தொடங்கிய காலமும், விசித்திர ஈடுபாட்டைக் குறித்துவைக்க ஆட்கள் வந்த காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. ரயில் மாறவில்லை, அதன் மீதான பிரியமும் மாறவில்லை. சுற்றியிருந்த கூட்டம் கலைந்துபோனது, அவ்வளவுதான்.

இப்படிக் கூட்டம் கலைந்ததால் தெரியவந்தவர்களைத்தான் அறிவியல் எண்ணியது என்றால், கூட்டம் கலையாத இடங்களில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994இல் வெளியிட்ட கையேடு ஈடுபாட்டை இரண்டு வழிகளில் அசாதாரணமாகக் கருதியது: தீவிரத்தில், அல்லது பொருளில். இரண்டில் ஒன்று போதும் என்பதே எழுத்தில் இருந்த விதி. நடைமுறையிலோ பொருளே முந்திக்கொண்டது. மின்விசிறி, கழிவுநீர்க் குழாய், ரயில் அட்டவணை என்று கேட்டவுடன் பரிசோதிப்பவரின் பேனா அசையும். குதிரை, தொலைக்காட்சித் தொடர், பாடகர் என்று கேட்டால் அசையாது. ஜூடித் கூல்ட், ஜாக்கி ஆஷ்டன் ஸ்மித் இருவரும் 2011இல் பெண்களின் தவறிப்போன நோயறிதல் பற்றி எழுதியபோது இதையே சுட்டினார்கள். ஆட்டிச நிலைச் சிறுமிகளின் ஈடுபாடுகள் பெரும்பாலும் விலங்குகள், பிரபலங்கள், தொடர்கள் என்று வகுப்புத் தோழிகளின் ஈடுபாடுகளைப் போலவே இருந்தன. வித்தியாசம் அதன் ஆழத்திலும் தரத்திலும் இருந்தது. ஒரு பாடகரின் அத்தனை பாடல்களையும் வெளியான நாள் வரிசையில் அடுக்கி வைத்திருக்கும் சிறுமியை அவள் ஆசிரியர் ரசிகை என்று எண்ணிக் கடந்துபோவார். அவள் தம்பி அதே உழைப்பை மின்கம்பங்களில் செலுத்தினால் பள்ளி மருத்துவரை அழைக்கும். ஆட்டிசம் ஆண்களிடம் நான்கு மடங்கு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு மூன்று மடங்குக்கு நெருக்கமாக இருக்கலாம் என்றது. அந்தத் திருத்தம் முழுவதற்கும் ஈடுபாட்டின் பொருளே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பெண்கள் தம் இயல்பை மறைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்வதும் ஒரு காரணம். ஆனால் ஆஸ்பெர்கர் ஒரு சிறுமியைக்கூடக் காணாததற்கு, அவர் எதைத் தேடினார் என்பதும் ஒரு பதில்.

கண்ணில் பட்டவர்களுக்கும் இந்தப் பார்வை நன்மை செய்துவிடவில்லை. நடத்தைச் சிகிச்சை ஓங்கியிருந்த காலத்தில் ஈடுபாடு என்பது ஒடுக்கவேண்டிய பழக்கமாகவோ, பாடத்தை முடித்தால் கிடைக்கும் மிட்டாயாகவோ கருதப்பட்டது. குழந்தையின் விருப்பங்களைப் பரிசாகப் பயன்படுத்தலாம் என்று காட்டிய 1990ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு, தன் தலைப்பிலேயே அவற்றைப் பிறழ்ந்த நடத்தைகள் என்று அழைத்தது. திரைப்பட வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வது பொருளற்ற எதிரொலி என்று தள்ளப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் பாரி பிரைஸன்ட் முதலானோர் அந்த எதிரொலிகளை உட்கார்ந்து ஆராய்ந்தபோது, கேட்பதற்கும் மறுப்பதற்கும் தன்னை ஆற்றிக்கொள்வதற்கும் குழந்தைகள் அவற்றைப் பயன்படுத்துவது தெரிந்தது. இந்த உண்மை மருத்துவர்களின் அறைகளுக்குப் போய்ச் சேரத் தாமதமானது. 1990களில் பேச்சை இழந்த ஓவன் சஸ்கிண்ட், டிஸ்னி படங்களின் வசனங்கள் வழியாகவே குடும்பத்தோடு மறுபடி பேசத் தொடங்கியதை அவர் தந்தையும் பத்திரிகையாளருமான ரான் சஸ்கிண்ட் 2014இல் புத்தகமாக எழுதினார். நாயகர்களைவிட அவர்களின் துணைப் பாத்திரங்களையே ஓவன் தேர்ந்தெடுத்து வரைந்துகொண்டிருந்தார். தன் வாழ்வில் தனக்கு என்ன இடம் என்பதை அவர் யோசித்த விதம் அது. உலகத்தில் கோடிக்கணக்கான குழந்தைகள் பார்த்த அதே படங்கள்தான். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஒரு மூளைப் பதிவும் இங்கே பொருந்தும். ஆட்டிச நிலைச் சிறுவன் ஒருவன் மனித முகங்களைப் பார்த்தபோது துலங்காத மூளைப் பகுதி, டிஜிமான் என்ற ஜப்பானியக் கேலிச்சித்திரப் பாத்திரங்களைப் பார்த்தபோது துலங்கியது. ஒரே ஒரு சிறுவன், ஒரே ஒரு பதிவு, இதன்மேல் கோட்டை கட்டக் கூடாது. ஆனாலும் முகமறியும் திறன் அவனிடம் அடியோடு இல்லை என்ற பழைய முடிவு அதோடு ஆட்டம் கண்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வெகுமக்கள் ரசனையும் ஆட்டிச ஈடுபாடு ஆகலாம் என்றால், எல்லா ரசிகர்களும் ஆட்டிச நிலையாளர்களா? அந்த அடையாளமே நீர்த்துப்போகாதா? பொருளை அளவுகோலாக வைத்திருக்கும்வரைதான் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன் மூவரும் 2005இல் முன்வைத்த கோட்பாடு கவனத்தை அளவுகோலாக்கியது. ஆட்டிச மனம் தன் கவனத்தை ஒரு நேரத்தில் மிகச் சிலவற்றில் குவிக்கிறது, குவிந்த இடத்தில் ஆழம் மிக அதிகம், அங்கிருந்து பிடுங்கப்படுவது வலி என்று அது சொன்னது. ஆட்டிச நிலையாளர்களும் சேர்ந்து உருவாக்கிய கோட்பாடு என்பதால்தான் அது உள்ளிருந்து பார்க்கிறது. இந்த அளவுகோலில் ரசிகரும் ஆட்டிச நிலையாளரும் ஒரே பாடகரை நேசிக்கலாம். ரசிகருக்குக் கச்சேரி ஒரு மாலை, மற்றவருக்கு நாள் முழுவதையும் தாங்கும் சட்டகம். மேலும் ஈடுபாடு ஒன்றே ஆட்டிசம் ஆகிவிடாது. புலன் உணர்வு, சமூகத் தொடர்பு, அன்றாட வழக்கம் எல்லாம் சேர்ந்தே அது அறியப்படுகிறது. ஆகவே ரசனையின் பொருளை விட்டுக்கொடுப்பதால் அடையாளம் கரைந்துவிடாது.

இன்னொரு மறுப்பு கனமானது. தீவிர ஈடுபாடு சிலருடைய உறக்கத்தையும் படிப்பையும் தின்றுவிடுகிறது, அதைக் கொண்டாடலாமா? ரேச்சல் குரோவும் உடன் ஆய்வாளர்களும் ஆட்டிச நிலைப் பெரியவர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் சொல்கிறது. ஈடுபாடு வாழ்க்கை நிறைவோடு சேர்ந்தே வந்தது. ஆனால் அது அளவு கடந்து தீவிரமானவர்களிடம் நிறைவு குறைந்திருந்தது. இதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் துன்பம் வருமிடத்தில் உதவ வேண்டும் என்பது வேறு, தொலைக்காட்சிப் பாத்திரத்தை நேசிப்பதே துன்பம் என்று தொடங்குவது வேறு. அமெரிக்காவில் ஏறத்தாழ 2,000 குடும்பங்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஆட்டிச நிலைக் குழந்தைகளிடம் மிகப் பரவலாக இருந்த ஈடுபாடுகள் தொலைக்காட்சி, பொருட்கள், இசை என்று தெரிந்தது. ரயில் அட்டவணை என்ற வாய்பாட்டைவிட இது எவ்வளவோ சாதாரணம். அந்தச் சாதாரணத்தைப் பழைய வகைப்பாடுகள் தவறவிட்டன.

வணிக நிறுவனங்கள் தீனி போட்டு வளர்த்த ஆசையை மனத்தின் இயல்பு என்று சொல்கிறோமோ என்ற ஐயமும் உண்டு. அதற்குத் தாமஸே பதில் சொல்கிறது. 1984இல் தொலைக்காட்சிக்கு வந்த அந்தத் தொடர் ஆட்டிச நிலைக் குழந்தைகளை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டதல்ல. அவர்களாகவே அதைக் கண்டெடுத்தார்கள். பிரிட்டனின் தேசிய ஆட்டிசச் சங்கம் 2000களின் தொடக்கத்தில் பெற்றோரிடம் காரணம் கேட்டபோது, தெளிவாக வரையறுத்த முகபாவங்கள், சலனமற்ற அமைதியான பின்னணி, கதையை நடத்திச் செல்லும் ஒற்றைக் குரல் என்று சொன்னார்கள். பொம்மை ரயில்களில் ஒட்டிய, அசையாத முகங்களின் அழகு அது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, வண்டிகளில் மனித முகங்களைப் பொருத்தி உணர்ச்சிகளைக் கற்பிக்கும் பதினைந்து பகுதிக் குறுந்தொடர் ஒன்றையே செய்தார்கள். தாமஸை வைத்திருந்த நிறுவனங்களோ வேறு வழியில் போயின. 2009இல் பொம்மை ரயில்கள் போய்க் கணினி வரைகலை வந்தது. 2021இல் அதுவும் போய், துள்ளிக் குதிக்கும் தட்டை ஓவியங்கள் வந்தன. அதற்கு அடுத்த ஆண்டு, 2022இல், புரூனோ என்ற பிரேக் வண்டி ஆட்டிச நிலைப் பாத்திரமாகத் தொடரில் சேர்ந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆட்டிச நிலைச் சிறுவர்களே அதற்குக் குரல் கொடுத்தார்கள். வரவேற்க வேண்டிய செயல்தான். ஆனால் அந்தக் குழந்தைகளைப் போன்ற ஒரு பாத்திரம் திரையில் வந்தபோது, அவர்களை முதலில் அங்கே இழுத்த அசையாத முகங்கள் அந்தத் திரையில் இல்லை.