உயிரணுவின் அனுமதிச் சீட்டு

பழஞ்சுவடிகளைப் பெயர்த்தெழுதியவர்கள் இரண்டு பிழைகளுக்கு அஞ்சினார்கள். ஒன்று, ஒரு பகுதி விடுபட்டுப் போவது. மற்றொன்று, ஒரே பகுதியை இருமுறை எழுதிவிடுவது. நம் உடலின் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் அதற்கும் இவ்விரு இடர்களும் உண்டு.

மனித உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. எழுத்திணைகள் சுமார் 600 கோடி இருக்கின்றன. ஏறத்தாழ 8 மணி நேரத்தில் அவையனைத்தும் படியெடுக்கப்பட வேண்டும். ஒவ்வோர் இழையிலும் ஓரிடத்தில் மட்டும் தொடங்கினால் வாரக்கணக்கில் ஆகும். எனவே பல்லாயிரம் இடங்களில் வேலை தொடங்குகிறது. பாலூட்டிகளின் இழைகளில் தொடக்க இடங்கள் பலவென்று 1968-ஆம் ஆண்டில் ஹியூபர்மன், ரிக்ஸ் இருவரும் காட்டினர். அப்படியானால், படியெடுத்த பகுதியை மீண்டும் தொடாதே என்று தடுப்பது எது?

1988-இல் ப்ளோ, லாஸ்கி என்னும் இங்கிலாந்து விஞ்ஞானிகள் தவளை முட்டையின் சாற்றில் இதை ஆராய்ந்தனர். உட்கரு ஒரு முறை படியெடுத்ததும் ஓய்ந்துவிட்டது. அதன் உறையில் துளை விழச் செய்தபோது மறுபடியும் படியெடுத்தது. ஆகவே, வெளியிலிருந்து ஓர் ‘அனுமதி’ உள்ளே வரவேண்டும் என்றும், அது ஒரு முறைக்கே செல்லும் என்றும் கருதினர்.

அந்த அனுமதி எது? 1992-இல் அமெரிக்காவில் பெல், ஸ்டில்மன் இருவரும் ஈஸ்ட் காளானில் ஆறு புரதங்களாலான ‘ஓ.ஆர்.சி.’ என்னும் கூட்டத்தைக் கண்டனர். விலங்கணுக்களிலும் அது உண்டு. தொடக்க இடத்தில் அது அமர்ந்ததும் சி.டி.சி.6, சி.டி.டி.1 என்னும் புரதங்கள் துணைவருகின்றன. இவை மூன்றும் சேர்ந்து, எம்.சி.எம். என்னும் வளையங்கள் இரண்டை டி.என்.ஏ.வின்மேல் கோக்கின்றன. இவ்வளையங்களே அனுமதிச் சீட்டு. பின்னர் சி.டி.சி.45, ஜின்ஸ் ஆகியவை வந்து சேர, வளையம் இயந்திரமாகி இழைகளைப் பிரித்துக்கொண்டே ஓடுகிறது. சீட்டும் செலவாகிவிடுகிறது.

முன்னோரின் ஊகத்தில் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. விலங்கணுக்களில் காவல் உறையை மட்டும் நம்பியிருக்கவில்லை. 1998-இல் கண்டறியப்பட்ட ஜெமினின் என்னும் புரதம் சி.டி.டி.1-ஐப் பற்றிப் பிடித்துப் புதிய சீட்டு வழங்காமல் தடுக்கிறது. உயிரணு பிரியும்போது ஜெமினின் அழிகிறது, அடுத்த சுற்றுக்கு வழி திறக்கிறது.

இக்காவல் தளர்ந்தால் மரபுப்பொருள் மிகுந்து சிதையும். புற்றுநோய்க்கு அது ஒரு வாயில். சீட்டு வழங்குவதே குன்றினாலோ வளர்ச்சி குன்றும். குள்ள உருவமும் சிறு செவிகளும் கொண்டு பிறக்கும் மயர்-கார்லின் நோய்க் குழந்தைகள் பலரிடம் இப்புரதங்களின் மரபணுக்களே பழுதுற்றிருப்பது 2011-இல் தெரியவந்தது. தவளை முட்டையிடம் கேட்ட கேள்விக்கு, தம் குழந்தை ஏன் வளரவில்லை என்று ஏங்கிய பெற்றோருக்கும் உரிய விடை கிடைத்தது.