தாளம் ஏந்திய உருவம்

காரைக்கால் மாவட்டத்தின் வடகோடியில், தரங்கம்பாடிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது பூவம். அவ்வூர் மாணவர்கள் சிலர் கூடி, காரைக்காலம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள் இரண்டையும் பாடி ஓர் இசைத்தொகுப்பாக வெளியிட முனைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒலிப்பதிவை எப்படியும் முடித்துவிடுவார்கள். இன்று அதற்குக் கைப்பேசியே போதும். அவர்களை நெடுநேரம் தயங்கி நிற்கவைப்பது மேலுறைப் படமாகத்தான் இருக்கும். யாரைப் படமெடுப்பது? பாடுகிறவர்களையா, கடலையா, ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் தெருக்களில் இறைக்கப்படும் மாங்கனிகளையா? இக்கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதன் பழைய பகுதி அம்மாணவர்களின் வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது என்பதுதான் வியப்பு.

முதலில் அண்மைக் காலத்துக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘ஆல்பம்’ என்ற சொல்லே புகைப்படத்தின் உறவினர். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடப் பாட்டுதான் அடங்கும். நீண்ட இசையைப் பல தட்டுகளாக்கி, குடும்பப் படங்களை ஒட்டிவைக்கும் ஏடுகளைப் போலக் கட்டி விற்றார்கள். அதனால் வந்த பெயர் இது. தனித்தட்டுகளுக்கோ நடுவில் வட்டத் துளையிட்ட வெறும் காகித உறைதான். துளை வழியே தெரிவது பாடியவரின் பெயரும் குழலுக்கு முன் அமர்ந்த நாயும். பாட்டைக் கேட்ட பல வீடுகளில் பாடியவரைவிட அந்த நாயின் முகம்தான் பழக்கமானது! 1940இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்துக்காக அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் ஓவிய உறைகளை அமைக்கத் தொடங்கினார். 1948இல் நெடுநேரத் தட்டு வந்து, பன்னிரண்டு அங்குலச் சதுரம் ஒன்று புகைப்படக்காரரின் கைக்குக் கிடைத்தது.

இசைபாடும் ஒருவரின் உருவத்தை எப்படிக் காட்டுவது என்ற சிக்கலைச் சோழநாட்டுச் சிற்பிகள் இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முன் இருந்தது எளிய பொருள் அன்று. புனிதவதி அழகிய இளம்பெண், வணிகனின் மனைவி. கணவன் விலகிய பின் தன் உடல் வனப்பை உதறிவிட்டுப் பேயுருவை வேண்டிப் பெற்றவர். பதிகத்தின் முடிவிலும் தம்மைக் காரைக்காலின் பேயென்றே அவர் குறித்துக்கொள்கிறார். பார்க்கப்படுவதையே மறுத்த ஒருவரை எப்படிப் பார்வைக்கு வைப்பது? அவரை அழகியாகவே வடித்திருக்கலாம். அடியார் பலருக்கு அது உவப்பாகவும் இருந்திருக்கும். சிற்பிகள் அதைச் செய்யவில்லை. விலா எலும்பு துருத்திய மார்பு, வற்றிய முலைகள், ஒடுங்கிய வயிறு, தரையில் அமர்ந்த கோலம், இரு கைகளிலும் தாளம். ராஜேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் அவர் தாளமிடுகிறார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கான்சாஸ் நகரின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் உள்ள செப்புத் திருமேனிகளிலும் தாளத்தோடுதான் இருக்கிறார்.

தாளத்தை நாம் போகிற போக்கில் கடந்துவிடக்கூடாது. இரு திருப்பதிகங்களில் ஒன்று நட்டபாடைப் பண்ணிலும் மற்றது இந்தளத்திலும் அமைந்தவை. தேவாரத்துக்கு முற்பட்டவை என்பதால்தான் அவற்றுக்கு ‘மூத்த’ என்ற அடை. அவரைக் கவிஞராகக் காட்ட ஓர் ஏட்டைக் கையில் கொடுத்திருக்கலாம். பக்தையாகக் காட்டக் கைகளைக் குவித்திருக்கலாம். சிற்பி தேர்ந்தது, பாட்டு நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒரு கணத்தை. என் கணிப்பில் இசைக்கலைஞரின் உருவப்படம் என்று சொல்லத்தக்கவற்றுள் இதற்கு நிகராக மிகச் சிலவே உண்டு.

பிற்காலத்து உறைகள் இந்தத் துணிவைத் தொடரவில்லை. பக்திப் பாடல் ஒலிநாடாக்களின் மேலுறைகளில் தெய்வத்தின் வண்ணப்படம் இடத்தை நிறைத்துக்கொண்டது. பாடகர் ஒரு மூலையில் அஞ்சல்தலை அளவுக்குச் சுருங்கினார். மிருதங்கம் வாசித்தவருக்கும் தாளமிட்டவருக்கும் அந்த மூலையும் கிடைப்பதில்லை. 1973இல் ஏ. பி. நாகராஜன் ‘காரைக்கால் அம்மையார்’ படத்தை எடுத்தபோது இளம் புனிதவதியாக லட்சுமியும், உருமாறிய பின் கே. பி. சுந்தராம்பாளும் நடித்தார்கள். 1933இல் கிட்டப்பா மறைந்ததிலிருந்து வெள்ளைச் சேலையும் அணியற்ற மேனியுமாக வாழ்ந்த பாடகி அவர். ஒப்பனையால் எட்ட முடியாத ஒன்றை அந்த முகம் படத்துக்குக் கொண்டுவந்தது.

இனி மாணவர்களின் திட்டத்துக்கு வருவோம். திட்டமிடுவது என்றால் பெரும் பொருட்செலவு என்று அஞ்ச வேண்டியதில்லை. பீட்டில்ஸ் குழுவின் ‘அபே ரோடு’ உறை, பால் மெக்கார்ட்னி முன்கூட்டிக் கிறுக்கிவைத்த சிறு கோட்டுப்படத்திலிருந்து பிறந்தது. 1969 ஆகஸ்ட் 8 அன்று ஒரு காவலர் போக்குவரத்தை நிறுத்திவைக்க, சாலை நடுவே ஏணிமீது நின்ற இயன் மேக்மில்லன் பத்து நிமிடத்தில் ஆறு படங்கள் எடுத்தார். ஐந்தாவது தேர்வானது. வேலை முழுவதும் கோட்டுப்படத்திலேயே முடிந்திருந்தது. ஆகவே நானூறு படங்களைச் சுட்டுத் தள்ளிப் பின்னர் பொறுக்குவதைவிட, நான்கு கோட்டுப்படங்களை வரைந்து பார்ப்பது மேல். அவற்றைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கியும் பார்க்க வேண்டும். இன்று கேட்பவர் உறையைக் காண்பது பன்னிரண்டு அங்குலத்தில் அன்று. கைப்பேசித் திரையில் ஒரு விரல்நுனி அகலத்தில். அந்த அளவில் பத்துப் பேர் நிற்கும் குழுப்படம் வெறும் புள்ளிகளாகிவிடும். இரண்டு கைகளும் ஒரு சோடித் தாளமும் என்றால் தெளிவாகத் தெரியும்.

கடல் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். இது கீழைக் கடற்கரை. காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் கதிரவன் பாடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் எழும். முகங்கள் இருண்டு வெறும் நிழலுருவாகும். மாலை நான்கரைக்கு மேல் அதே இடத்தில் நின்றால் வயல்கள் பக்கமிருந்து சாய்ந்து வரும் வெயில் முகத்திலும் கையிலும் விழும், வெண்கலத்தில் விளிம்புகளும் மின்னும். எல்லோரும் ஒன்றாக நிற்கும் படத்தையும் அந்த வெளிச்சத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். அது பின்னட்டைக்கு. அதன் கீழே, தாளமிட்டவர் பெயரும் ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்து நின்றவர் பெயரும் உட்பட அனைத்துப் பெயர்களும் ஒரே எழுத்தளவில் வரட்டும்.