உகிரும் அதன் நலம் பேணலும்

கண், கூந்தல், தோள், அடி ஆகியவற்றைப் பழந்தமிழ்ப் புலவர் புனைந்துரைத்த திறத்தினைத் தொகுத்து ஆய்ந்த கட்டுரைகள் பல உள. விரல் நுனியில் விளங்கும் உகிரைப் பற்றியோ, அது வெடித்தும் பிளந்தும் நலிவுறுங்கால் மக்கள் அதனைப் பேணிய வகையைப் பற்றியோ தனித்து ஆராயப் புகுவார் அரியர். பொருள் சிறிது என்று கருதியமையே இதற்குக் காரணம் போலும். நலிந்த உகிரைப் பற்றி முன்னை நூல்கள் எவற்றைக் கூறின, எவற்றைக் கூறாது விடுத்தன, இக்கால மருத்துவர் கண்டவை அவற்றோடு எங்ஙனம் இயைகின்றன என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் சொல்லினை நோக்குவோம். இன்று நாட்டு வழக்கில் யாண்டும் வழங்குவது ‘நகம்’ என்னும் வடசொல்லே. ‘உகிர்’ என்பது ஏட்டுச் சொல்லாகிவிட்டது. கன்னடத்தார் ‘உகுரு’ என்றும், தெலுங்கர் ‘கோரு’ என்றும் இதன் இனச்சொற்களை இன்றும் அடுக்களையிலும் தெருவிலும் வழங்குகின்றனர். பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி இவற்றை ஓரினமாகவே தொகுத்துக் காட்டுகின்றது. பழமையைப் பெரிதும் போற்றுவோராகிய நாம் பழஞ்சொல்லை இழக்க, அண்டை மொழியினர் அதனைக் காத்து வைத்திருப்பது வியப்பே. இழப்பினும் ஒரு பயன் உண்டு: ‘நகம்’ என்பது மலைக்கும் பெயராதலால், வடமொழியில் எழுத்தால் வேறுபட்ட இரு சொற்கள் தமிழெழுத்தில் ஒன்றாகிச் சிலேடை பாடுவார்க்கு எளிதில் கைகொடுத்தன. நோய்ப்பெயரில் மட்டும் பழஞ்சொல் சிறிது காலம் தங்கியிருந்தது. ‘நகச்சுற்று’ என்று நாம் வழங்குவதனை ‘உகிர்ச்சுற்று’ என்றும் சொற்பேரகராதி குறித்துள்ளது.

சங்கப் புலவர் உகிரைக் கண்ட கண்கள் இரண்டு. ஒன்று, வலிமையைக் காணும் கண். அகநானூற்றின் 8-ஆம் பாடலில் புற்றினை அகழ்ந்து இரை தேடும் கரடியின் உகிர் பேசப்படுகின்றது. மற்றொன்று, அழகினைக் காணும் கண். கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில் பாடினியை முடி முதல் அடி வரை வருணிக்கும் முடத்தாமக்கண்ணியார், அவள் விரலுக்குக் காந்தளையும், ஒளிரும் உகிருக்குக் கிளியின் வாயையும் உவமை கூறுகின்றார். கிளிவாய் செந்நிறத்தது, வழவழப்பும் வளைவும் உடையது, முனை முறியாதது. நலமுடைய உகிரின் இலக்கணம் அனைத்தும் ஓர் உவமையுள் அடங்கிவிட்டமை காண்க. குறிப்பிடத்தக்கது யாதெனின், ‘வள்ளுகிர்’ என்னும் ஒரே தொடர் கரடிக்கும் பாடினிக்கும் உரியதாக வந்துள்ளமையாம். வலிமையும் வனப்பும் வேறு வேறு எனப் புலவர் எண்ணவில்லை.

வடமொழியில் வாத்சியாயனர் இயற்றிய காமசூத்திரம் இன்னும் வெளிப்படையாகவே இலக்கணம் வகுக்கின்றது. நல்ல நகத்துக்குரிய குணங்களாக அந்நூல் எண்ணுவனவற்றுள் ஒளியுடைமை, அழுக்கின்மை, வளர்ச்சி, மென்மை என்பனவற்றோடு ‘பிளவுறாமை’யும் ஒன்றாகும். பிளவுறாமையை ஒரு குணமாக எண்ணிச் சொல்ல வேண்டின், பிளவுற்ற நகம் அக்காலத்தும் பலர் விரலில் காணப்பட்டிருத்தல் வேண்டும் அன்றோ? அந்நூலே, கௌட நாட்டார் நகம் நீண்டது என்றும், தென்னாட்டார் நகம் குறுகியது, வேலையைத் தாங்க வல்லது என்றும் வேறுபடுத்துகின்றது. இதனை இனத்தின் இயல்பாகக் கொள்வதினும், உழைப்புக்கு ஏற்பக் குறைத்து வெட்டிக்கொண்ட வழக்கமாகக் கொள்வதே பொருந்தும் என்பது என் கருத்து.

இனி, நூல்கள் கூறாது விட்டதனைக் காண்போம். பாடினியின் உகிர் பாடப்பட்டது. நாள் முழுதும் சேற்றில் நின்று நாற்று நட்டவளின் உகிரையும், உப்பளத்தில் உழைத்தவளின் உகிரையும், சுண்ணாம்பு குழைத்தவளின் உகிரையும் எந்தப் புலவரும் அந்நோக்கில் வருணித்ததாக யான் கண்டிலேன். இன்றைய மருத்துவர் கூறுவதோ, நகம் நலிவதற்குத் தலையாய புறக்காரணம் மீண்டும் மீண்டும் நனைதலும் உலர்தலுமே என்பதாம். நனையுங்கால் நகத்தகடு விரிகின்றது, உலருங்கால் சுருங்குகின்றது. நாளொன்றுக்குப் பன்முறை இது நிகழின், தகட்டின் அடுக்குகளைப் பிணித்துள்ள பற்று தளர்ந்து, நுனி ஏடு ஏடாகப் பிரிகின்றது. எனவே நகநோய்க்கு மிகுதியும் ஆளாகியவர் எவரோ, அவரே இலக்கியத்தில் இடம்பெறாதவர் ஆயினர். இந்நோய் இன்றும் ஐவருள் ஒருவர்க்கு உண்டென்றும், ஆடவரினும் பெண்டிர்க்கே மிகுதி என்றும் மதிப்பிடுவர்.

பிணியுற்றவர் மட்டுமன்றி, பிணி தீர்த்தவரும் ஏட்டில் மறைந்தே உள்ளனர். நகங்களைந்தும், நகச்சுற்றினைக் கீறிச் சீழ் நீக்கியும், காலாணியை அகற்றியும் ஊரில் பணி செய்தோர் நாவிதரே. தமிழகத்தில் அக்குலத்தார்க்கு ‘மருத்துவர்’ என்னும் பெயரும், பேறு பார்த்த அவர்தம் மகளிர்க்கு ‘மருத்துவச்சி’ என்னும் பெயரும் வழங்கி வந்தமை வறிதே அன்று. கல்வெட்டும் இதற்குச் சான்று பகர்கின்றது. வீரராசேந்திர சோழன் காலத்தில், கி. பி. 1069-ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றினைப் பற்றிக் கூறுகின்றது. அங்கே மருத்துவன், அறுவை செய்வோன், மருந்து கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோரோடு நாவிசன் ஒருவனுக்கும் நெல் அளக்கப்பட்டது. மருத்துவனுடைய பெயரும் குடியும் கல்லில் விளங்குகின்றன. நாவிசனோ தொழிற்பெயரால் மட்டும் சுட்டப்படுகின்றான். அவன் கற்றறிந்தது தந்தையிடமிருந்து மகனுக்குக் கைப்பழக்கமாகச் சென்றது, எழுத்தில் ஏறவில்லை. பிற்காலத்தில் அத்தொழிலை இழிவென ஒதுக்கிய சமுதாயம், அத்தொழிலோடு இருந்த அறிவையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டது. ‘தமிழ் மருத்துவத்தில் நகத்துக்கு இடமில்லை’ என எளிதிற் கூறிவிடுவார் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

மருதோன்றியைப் பற்றி ஒரு சொல். அழவணம் என்றும் ஐவணம் என்றும் பெயர்பெற்ற இச்செடியின் இலையை அரைத்து விரல் நுனியில் அப்புதல் அழகுக்கு மட்டும் என்று கருதுவாரும், நகத்துக்கு மருந்து என்று கருதுவாரும் உளர். தெலுங்கில் இதன் பெயர் ‘கோரிண்டாகு’ என்பது. நகத்தைக் குறிக்கும் ‘கோரு’ இதன்கண் அமைந்துள்ளது எனக் கொள்ளத் தோன்றுகின்றது. இலையிலுள்ள சாயப்பொருள் நகத்தின் கெராட்டின் என்னும் புரதத்தோடு பிணைந்து நிற்பதால்தான், தோலில் சில நாட்களில் அழியும் நிறம் நகத்தில் வளர்ந்து வெட்டப்படும் வரை நிலைக்கின்றது. நிறம் பற்றுவது உண்மை. வலிமை ஊட்டும் என்பதற்கு அதுவே சான்றாகாது. சிலப்பதிகாரத்தில் மாதவியின் அடிக்கு ஊட்டப்பெற்ற அலத்தகம் வேறு, மருதோன்றி வேறு. இரண்டையும் ஒன்றென மயங்கி எழுதுதல் பொருந்தாது.

நகம் எதனால் ஆயது என்னும் வினாவுக்கு முன்னையோர் தந்த விடை இன்றும் நம்மைப் பற்றி நிற்கின்றது. ஆயுர்வேத நூலார் உடற்கட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு கழிவினைத் தரும் என்பர். எலும்பின் கழிவாக மயிரையும் நகத்தையும் வைப்பர். இக்கொள்கையை அறியாதாரும், நகம் உடைந்தால் ‘சுண்ணாம்புச் சத்துக் குறைவு’ என்றே இன்று கூறுகின்றனர். எலும்பையும் நகத்தையும் ஓரினமாக எண்ணும் அப்பழம் எண்ணமே புதுப்பெயர் பூண்டு உலவுகின்றது எனலாம். நகத்தில் விழும் வெண்புள்ளிகளையும் அக்குறைவின் அடையாளம் என்பர். நம் நாட்டுச் சிறார் வானில் பறக்கும் கொக்கைக் கண்டு நகங்களை உரசிப் பூக்கேட்டு நிற்பர்; பின்னர்த் தோன்றும் வெண்புள்ளியைக் கொக்கு இட்ட பூ என்று மகிழ்வர். பெரும்பாலான வெண்புள்ளிகள் நகவேரில் பட்ட சிறு அடியின் சுவடுகளே என்பது மருத்துவர் துணிபு. சிறாரின் கொள்கை பெரியோரின் கொள்கையினும் குறைந்த உண்மையுடையது என்று கூறற்கு இல்லை. அதனால் ஒருவர்க்கும் காசுச் செலவும் இல்லை.

உண்மையில் நகத்தில் சுண்ணாம்புச் சத்து மிகச் சிறிதளவே உள்ளது. அதற்கு உறுதி தருவது கந்தகம் கலந்த சிஸ்டின் என்னும் பொருளால் குறுக்கே பிணைக்கப்பட்ட கெராட்டின் இழைகளாம். நகம் எலும்பிலிருந்து முளைப்பதன்று. தோலின் மடிப்பிலுள்ள நகவேரிலிருந்து வளர்வது. ஆதலின் உடலை வருத்திய நோய் நகத்தில் தன் தடத்தைப் பதித்துச் செல்லும். பாரிசு நகர மருத்துவர் போ என்பார், கடுங்காய்ச்சல் முதலியவற்றுக்குப் பின் நகத்தில் குறுக்கே தோன்றும் பள்ளங்களை 1846-இல் விளக்கினார். பள்ளம் வேரினின்று விலகியுள்ள தொலைவை அளந்து நோய் வந்த காலத்தைக் கணக்கிடலாம். கல்வெட்டெழுத்தின் வடிவை நோக்கிக் காலம் கணிப்பார்க்கு இம்முறை புதிதன்று.

இக்கணக்குக்கு அடிப்படையாவது நகம் வளரும் வேகம். இதனை அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன் அளந்தமை போல் பொறுமையுடன் அளந்தார் பிறரை அறியேன். 1941-இல், தம் 32-ஆம் அகவையில் தொடங்கித் திங்கள்தோறும் தம் பெருவிரல் நகத்தின் அடியில் கோடு கீறி, 35 ஆண்டுகள் குறித்து வந்து, 1980-இல் முடிவை வெளியிட்டார். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67-ஆம் அகவையில் 0.095 மில்லிமீட்டரே வளர்ந்தது. கைந்நகம் முழுதும் புதிதாக ஏறத்தாழ ஆறு திங்கள் ஆகும் என்பதும் இத்தகைய அளவைகளால் விளங்குகின்றது. ஆதலால் பத்து நாளில் நகத்தை உறுதியாக்குவதாகக் கூறும் மருந்து எதுவாயினும், அது வேரில் செயற்பட்டதன்று, நுனியில் பூசப்பட்டதே எனத் துணியலாம். சரக சங்கிதை, பதினைந்து நாளில் மும்முறை நகம் களைக என்று விதிக்கின்றது. பீனின் கணக்கின்படி ஐந்து நாளில் வளர்வது 0.6 மில்லிமீட்டர் அளவே. அத்துணை குறுக வெட்டின் பிளவுறுதற்கு நுனியே இராது. வாத்சியாயனர் கண்ட தென்னாட்டு நகத்தின் வலிமைக்கும் இதுவே காரணமாகலாம்.

இருபதாம் நூற்றாண்டில் நகமருந்தின் வரலாறு நம்பிக்கைகளின் வரலாறாகவே சென்றது. 1950-இல் டைசன் என்பார், விலங்கின் எலும்பு, தோல் முதலியவற்றினின்று எடுக்கும் ஜெலட்டினை உண்பதால் உடையும் நகம் தேறியது என எழுதினார். மக்கள் அதனை நெடுங்காலம் நம்பினர். ஜெலட்டினில் சிஸ்டின் இல்லை என்றே கூறலாம். நகத்துக்கு உறுதி தரும் பொருளே இல்லாத உணவு நகத்தை எங்ஙனம் உறுதியாக்கும்? பிற்காலத்தார் அதனைக் கைவிட்டனர். அடுத்து வந்தது பயோட்டின். ஜியார்ஜி என்பார் இதற்கு முதலில் இட்ட ‘எச்’ என்னும் எழுத்துப் பெயர் தோலைக் குறிக்கும் செருமானியச் சொல்லின் முதலெழுத்தாகும். குதிரை, பன்றி ஆகியவற்றின் குளம்பு இதனால் உறுதியுறக் கண்டோர் மனிதர்க்கும் கொடுத்துப் பார்த்தனர். 1989-இல் சுவிட்சர்லாந்தில் நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் கொடுத்து நற்பயன் கண்டதாக எழுதினர்; ஆயின் மருந்து உண்ணாத ஒப்புநோக்குக் குழுவினர் அவ்வாய்வில் இல்லை. இன்று கடைகளில் இதனினும் மிகுந்த அளவில் விற்கப்படும் இம்மாத்திரை இரத்த ஆய்வுகள் சிலவற்றைப் பிழைபடச் செய்யும் என 2017-இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகம் எச்சரித்தது. மாரடைப்பைக் காட்டும் டிரோப்போனின் அளவு பொய்யாகக் குறைந்து தோன்றியமையால் ஒருவர் இறந்த செய்தியும் அதன்கண் உண்டு. நகத்துக்காக உண்டது நெஞ்சின் நோயை மறைத்தது. இம்மாத்திரை உண்போர் இரத்தம் கொடுக்குமுன் அதனை மருத்துவரிடம் கூறல் வேண்டும்.

நகத்திலுள்ள நீரைப் பற்றிய கொள்கையும் தெளிவுற்றதன்று. நீர் 16 விழுக்காட்டிற்குக் குறையின் நகம் உடையும் என நூல்கள் நெடுநாள் எழுதி வந்தன. 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நலமுற்ற நகத்திலும் நலிந்த நகத்திலும் நீர் ஏறத்தாழ 12 விழுக்காடு என்று ஒத்தே காட்டியது. குறைவு நீரிலன்று, அடுக்குகளின் பிணைப்பிலேயே போலும். எவ்வாறாயினும், மருத்துவர் இன்று முதலிற் சொல்வன எளியனவே: பாத்திரம் துலக்குவோரும் துணி வெளுப்போரும் கையுறை அணிதல், கை உலர்ந்ததும் நகத்திலும் அதன் அடித்தோலிலும் எண்ணெயோ களிம்போ தடவுதல், நகத்தைக் குறுக வெட்டுதல், சாயம் நீக்கும் அசிட்டோனை அருகியே பயன்படுத்தல். நகம் கரண்டி போல் குழிந்தாலும், பல விரல்களில் ஒருங்கே நலிவு தோன்றினாலும், இரும்புச் சத்துக் குறைவோ தைராய்டு நோயோ பூஞ்சைத் தொற்றோ உண்டா என ஆய்ந்து அறிதல் வேண்டும். வெளியே தடவும் எண்ணெயால் தீராத காரணங்கள் இவை.

இவற்றுள் எண்ணெய் தடவலும் குறுக வெட்டலும் நாவிசனும் மருத்துவச்சியும் அறியாதன ஆகா. அவர்தம் வழித்தோன்றல்களுள் முதியோரிடம் கேட்டு, கருவிகளின் பெயரையும் கைமருந்துகளின் பெயரையும் வட்டாரந்தோறும் தொகுப்பின், ‘உகிர்’ என்னும் சொல் எங்கேனும் பேச்சில் இன்னும் உயிருடன் உள்ளதா என்பதும் அப்பொழுது தெரியவரும்.